உறை மாறிய நாள்

பாஸ்டர் மருதாசலத்தின் மேல் சபைக் கமிட்டிக்காரர்கள் வைத்திருக்கும் குறைகளைத் தெருவில் யாரைக் கேட்டாலும் ஒப்பித்துவிடுவார்கள். தெருவில் எதிரே வந்து ஸ்தோத்திரம் சொன்னாலும் மனிதர் முகம் கொடுப்பதில்லை. மொபெட்டை விற்றுவிட்டார், நடந்து எட்டுகிற வீடுகளுக்கு மட்டும்தான் ஜெபம் பண்ணப் போகிறார். மொத்தத்தில் தலைக்கனம் ஏறிவிட்டது. அன்னூர்ப் பக்கம் கூலிக்குக் களை வெட்டிய குடும்பத்திலிருந்து வந்தவருக்கு இவ்வளவு ஆகாது என்று பேசினார்கள். பேசியவர்களும் அதே மாதிரிக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள்தாம், அதை விடுங்கள்.

போன வாரம் கமிட்டிச் செயலாளர் பொங்கியண்ணன் பேச்சை அடக்கி, பாஸ்டரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் முடிவெடுக்கலாம் என்று கூட்டத்தைக் கலைத்தார். பாஸ்டர் வேலை போனால் சபையை ஒட்டிய வீட்டையும் காலி பண்ண வேண்டும். தை மாதம் மகள் மதிவதனிக்குக் கல்யாணம். எந்த வீட்டு வாசலிலிருந்து பெண்ணை அனுப்புவது என்று நினைத்து நினைத்தே பாஸ்டரம்மா மரகதம் காய்ச்சலில் விழுந்தாள்.

இன்று சனிக்கிழமை.

கமிட்டிக்காரர்களே குறை சொல்ல முடியாத விஷயம் ஒன்று பாஸ்டரிடம் உண்டு. வேதாகமத்தில் அவருக்கு மனப்பாடமாகத் தெரியாத இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஞானஸ்நானமோ கல்யாணமோ அடக்கமோ, புத்தகத்தை முறைப்படி திறந்து கையில் வைத்துக்கொள்வார். முகம் சபையைப் பார்த்திருக்கும், வாய் வரி பிசகாமல் சொல்லிக்கொண்டே போகும். கையிலிருக்கிற புத்தகம் தொலைந்துபோகலாம், நனைந்துபோகலாம், நெஞ்சில் ஏறினது ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் கூட வரும் என்று பிரசங்கத்துக்குப் பிரசங்கம் சொல்வார். சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் புரட்டுகிற பாஸ்டர் எதற்கு என்பது அவர் கட்சி.

அந்த வீட்டில் மனப்பாடத்துக்கு ஒரு முறை இருந்தது. காலையில் மரகதம் தோசை ஊற்றும்போது புத்தகத்தை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்து ஒரு வசனம் வாசிப்பாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து திருப்பிச் சொல்வார். தோசையைத் திருப்பிப் போடும்போது இன்னொரு தரம். தட்டுக்கு வந்த பிறகு, முந்தின தோசையின் வசனத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிசகினால் சட்னி வராது.

முன்பெல்லாம் அவர் வாசிக்க, அவள் திருப்பிச் சொன்னதும் உண்டு. இப்போது அவள்தான் வாசிக்கிறாள்.

இதைப் பார்த்துக் கேலி பண்ணிக்கொண்டிருந்த மதிவதனி, போன கிறிஸ்துமஸிலிருந்து தானும் மாட்டிக்கொண்டாள். சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனி ஒன்றில், வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதுகிற வேலை அவளுக்கு. அம்மா ஏற்றிவிட்ட வசனத்தை ஸ்கூட்டரில் சிக்னலுக்குச் சிக்னல் முணுமுணுத்துக்கொண்டு போவாள். எதற்கு இத்தனை என்று ஒரு தரம் சலித்துக்கொண்டாள். "பாஸ்டரைக் கட்டிக்கப் போறவ நாலு அதிகாரமாச்சும் நாக்குல வச்சிருக்கோணும் கண்ணு" என்றாள் மரகதம். மாப்பிள்ளை கதிர் பொள்ளாச்சிப் பக்கத்தில் உதவிப் பாஸ்டர். நியாயமான பதில் என்று மதிவதனியும் வாயை மூடிக்கொண்டாள்.

இன்று மதியத்துக்கு மேல், பொங்கியண்ணன் கீரணத்தத்தில் கட்டியிருக்கும் புது வீட்டுக்குப் பிரதிஷ்டை ஜெபம். நாளைக்குத் தன் வேலையைப் பற்றி முடிவெடுக்கப் போகிறவருடைய வீடு என்பதால், பாஸ்டர் காலையிலிருந்தே பரபரப்பாக இருந்தார்.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். சபையின் வெள்ளி விழாவில் பாஸ்டருக்கும் பாஸ்டரம்மாவுக்கும் ஜிப் வைத்த கறுப்பு ரெக்சின் உறை இரண்டு கொடுத்தார்கள். ஒன்றில் அவருடைய வேதாகமம் இருந்தது. மற்றதில் அவளுடைய கீர்த்தனைப் புத்தகம். அளவும் கனமும் ஒன்றுதான், தாளும் அதே மெல்லிசுத் தாள், பக்கத்துக்கு அடையாளமாக இரண்டிலும் நாடா. மறுநாளைக்கு வேண்டிய பக்கத்தில் மரகதம் ராத்திரியே நாடாவை வைத்துவிடுவாள். எது எது என்று பார்த்துப் பையில் எடுத்து வைப்பது எப்போதும் மரகதத்தின் வேலை. இன்று அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. மதிவதனிதான் மேஜை மேலிருந்த உறையை எடுத்துப் பையில் போட்டாள்.

போடும்போது பக்கத்திலிருந்த தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டாள். கை நீட்டுகிற பக்கம் எதையாவது தட்டிவிடுவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். முன்பெல்லாம் அம்மா திட்டித் தீர்த்துவிடுவாள். இப்போதெல்லாம் திட்டுவதில்லை. பேசாமல் எழுந்து தண்ணீரைத் துடைக்க வந்தவளை மதிவதனிதான் படுக்கச் சொன்னாள்.

புது வீட்டில் நல்ல கூட்டம். பொங்கியண்ணன் பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆன பிறகு சொந்தமாகக் கால் டாக்ஸி ஓட்டுகிறவர். வெள்ளை வேட்டி சட்டையில், வாசலிலேயே நின்று எல்லோரையும் வரவேற்றார். பாஸ்டர் மகளின் தோளில் கை வைத்தபடி உள்ளே வந்து, ஹால் நடுவில் நின்று உறையின் ஜிப்பைத் திறந்தார்.

புது வீட்டு ஜெபம் என்றால் எடுக்கிற சங்கீதம் ஒன்று உண்டு. கர்த்தர் கட்டாத வீட்டுக்காக மனிதன் படுகிற பாடு வீண் என்று தொடங்குவது. பாஸ்டர் நாடா கிடந்த பக்கத்தை விரித்துச் சொல்ல ஆரம்பித்தார். காய்ச்சலில் கிடக்கிற அம்மாவுக்குக் காட்டலாம் என்று மதிவதனி பக்கத்தில் நின்று போனில் படம் பிடித்தாள்.

போன் திரையில் அப்பா கையிலிருந்த பக்கம் பளிச்சென்று தெரிந்தது. மேலே ராகம், தாளம். அதற்குக் கீழே பல்லவி.

அவளுக்குத் திக்கென்றது. உறையை மாற்றி எடுத்து வந்துவிட்டோம் என்று புரிந்தது. அப்பா அதைக் காட்டிக்கொள்ளாமல் மனப்பாடத்திலேயே சமாளிக்கிறார் என்று நினைத்தாள். அப்பான்னா கொக்கா என்று பெருமையாகக்கூட இருந்தது. வீட்டுக்குப் போய் இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பாஸ்டர் ஒரு பக்கம் புரட்டினார். விரல் வரிக்கு வரி நகர்ந்தது. சங்கீதத்தின் பின்பகுதி வந்தது. பிள்ளைகள் கர்த்தர் கொடுக்கும் சொத்து என்று சொல்கிற இடம். அந்த இடத்தில் அவருக்குக் குரல் அடைத்தது. எச்சிலை விழுங்கிவிட்டுத் தொடர்ந்தார். மகள் கல்யாணம் ஆகிப் போகப்போகிறாள் அல்லவா, அந்த நினைப்பு என்று கூட்டத்தில் இரண்டொரு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முடித்துவிட்டு அவர் பொங்கியண்ணனைப் பக்கத்தில் அழைத்தார்.

"இந்த வசனத்துக்குச் சிவப்புல கோடு போட்டு வச்சிருக்கேனுங்க, பாருங்க. ஊட்டுல எல்லாரும் மனப்பாடம் பண்ணிப்போடுங்க" என்றார். விரல் பக்கத்தின் மேல் உறுதியாக நின்றது.

விரல் நின்ற இடத்தில் ஒரு கீர்த்தனையின் இரண்டாம் சரணம் இருந்தது. அந்தப் பக்கத்தில் எங்கேயும் சிவப்பு இல்லை.

மதிவதனி படம் பிடிப்பதை நிறுத்தினாள். சமாளிக்கிற மனிதர் பக்கத்தை மூடுவார், அடுத்தவரைக் கூப்பிட்டுக் காட்ட மாட்டார்.

பொங்கியண்ணன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். பிறகு மதிவதனியைப் பார்த்தார். "பார்த்தேனுங்க பாஸ்டர்" என்றார்.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது உறையை ஜிப் போட்டு மூடிப் பொங்கியண்ணனே கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார்.

"இதப் பத்திரமா வைங்க அம்மணி. பொழுது சாய ஊட்டுக்கு வாரேனுங்க. பாஸ்டர்கிட்ட ஒண்ணு பேசோணும்."

மிரட்டலா, கரிசனமா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சத்தி ரோட்டில் ஸ்கூட்டர் வந்துகொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா ஜெபம் நல்லபடியாக நடந்தது, பொங்கியண்ணன் மனசு இளகியிருக்கும் என்று சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தார். மதிவதனி ஒரு பேக்கரி முன்னால் வண்டியை நிறுத்தி, டீ குடிக்கலாம் என்றாள்.

டீ கிளாசை அவர் முன்னால் சத்தமில்லாமல் வைத்தாள். அவர் அதை எடுக்கவில்லை. டீ வரட்டும் என்று காத்திருப்பதுபோல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவள் செய்ததை நினைத்து அவளே பிற்பாடு வெட்கப்பட்டாள். ஆபீசிலிருந்து வந்த லீவு மெசேஜைப் போனில் திறந்து அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கதிரு கல்யாணப் பத்திரிகை மாடல் அனுப்பியிருக்காருங்கப்பா. எப்படி இருக்குன்னு பாருங்க."

அவர் போனைக் கையில் வாங்கினார். கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். சிரித்தார்.

"நல்லா இருக்குது கண்ணு. உன்ற பேரை எடுப்பாப் போட்டிருக்காங்க" என்றார்.

மதிவதனி போனை வாங்கி அணைத்தாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். அவளும் தன்னை அதைத்தான் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்குள் அவர் தடுமாறி அவள் பார்த்ததில்லை. மொபெட்டை விற்றது சர்க்கரைக்கு நடந்தால் நல்லது என்பதற்காக. சபை அறிவிப்புகளை வாலிபர்களை வாசிக்கச் சொன்னது அவர்களுக்குப் பழக்கம் வரட்டும் என்பதற்காக. ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல காரணம் இருந்தது. தெருவில் முகம் கொடுக்காததற்கு மட்டும் காரணம் சொல்லத் தெரியாமல் தலைக்கனம் என்ற பேரை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அங்கேயே கேட்டிருக்கலாம். பேக்கரி வாசலில் பெற்ற அப்பாவை அழவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. டீயை அவர் கையில் எடுத்துக் கொடுத்தாள். அவர் ஆறிய டீயை ஊதிக் குடித்தார்.

அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஆலயத்தைத் தயார் பண்ணுவதாகச் சொல்லிப் போனாள். சனிக்கிழமை பெருக்கித் துடைப்பது, விரிப்பு மாற்றுவது எல்லாம் அம்மாவின் வேலை. வேறு யாரையும் செய்ய விடமாட்டாள்.

ஏன் விடமாட்டாள் என்பது பிரசங்க மேடையில் ஏறியபோது தெரிந்தது. கம்பளத்துக்கு அடியில், படியின் ஓரத்தில் காலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தாள். கயிற்றுத் துண்டு ஒன்று ஆணி அடிக்கப்பட்டிருந்தது. படி முடிகிறது என்று காலுக்குச் சொல்ல ஒரு கயிறு.

பிரசங்கம் பண்ணுகிற மேஜையின் விரிப்பு ஓரத்தைத் தடவினாள். உள்பக்கமாகச் சின்னச் சின்னப் பொத்தான்கள் தைத்திருந்தன. மைக் இருக்கிற இடத்துக்கு நேராக ஒன்று. தண்ணீர் வைக்கிற இடத்துக்கு நேராக இரண்டு. அப்பமும் ரசமும் வைக்கிற திருவிருந்து மேஜை விரிப்பிலும் அப்படியே. எல்லாம் ஊதா நூலில் தைத்தவை. தையல் மிஷினில் ஊதா நூல் கண்டு மாட்டியிருப்பதை மதிவதனி தினமும் பார்க்கிறாள்.

அம்மாவுக்குத் தெரியும். தெரிந்திருக்கிறது மட்டுமல்ல, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவரைக் கைப்பிடித்து மேடையேற்றாமல் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். தோசைக் கல் பக்கத்தில் நடந்தது விளையாட்டு இல்லை. கண்ணில்லாத ஒரு பாஸ்டர் அடுத்த வாரத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.

ஒரு பக்கம் கோபம் பொங்கியது. ஏமாற்றப்பட்டது சபை மட்டுமில்லை, தானும்தான். இன்னொரு பக்கம், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சபையைப் பார்த்துச் சிரிக்கிற அப்பாவின் முகம் வந்து நின்றது. பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கதிர் இரண்டு தரம் கூப்பிட்டான், அவள் எடுக்கவில்லை. ஜன்னல் மங்கின பிறகுதான் எழுந்தாள்.

ஆலயத்துக்கும் வீட்டுக்கும் இடையில் நாலு எட்டுத்தான். அரையிருட்டில் வாசல்படி சரியாகத் தெரியாமல் தடுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று மரகதம் விளக்குப் போடாமல் கட்டிலில் படுத்திருந்தாள். பாஸ்டர் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். மதிவதனி உறையை அவர் மடியில் வைத்தாள்.

"இது அம்மாவோட பாட்டுப் புத்தகம்ங்கப்பா. காலைல நான்தான் மாத்தி எடுத்துப்போட்டேன்."

அவருடைய கை உறையின் மேல் அப்படியே நின்றுவிட்டது. கட்டிலில் மரகதம் எழுந்து உட்கார்ந்தாள்.

"பொங்கியண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேனே" என்றார் பாஸ்டர். பிறகு குரல் இறங்கிவிட்டது. "அப்போ நான் என்னத்தைக் காட்டினேன் கண்ணு?"

மதிவதனி அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இருட்டினால் பார்வை மங்குவது அவருக்கு வாலிபத்திலேயே இருந்தது. பிறகு பக்கவாட்டில் வருகிறவர்கள் தெரியாமல் போனார்கள். எழுத்து மறைந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. விழித்திரை தேய்ந்துகொண்டே வருகிறது, மருந்து இல்லை என்று டாக்டர் சொன்னார். முழுசாக மறைவதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் உள்ளே ஏற்றிக்கொண்டுவிடலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். கல்யாண ஆராதனை, அடக்க ஆராதனை, ஆஸ்பத்திரியில் சொல்கிறது, பிள்ளை பெற்றவளுக்குச் சொல்கிறது என்று மரகதம்தான் வரிசை போட்டுக் கொடுத்தாள். கமிட்டிக்குச் சொன்னால் அடுத்த மாசமே புது பாஸ்டர் வருவார். வேறு எந்த வேலை அவருக்குத் தெரியும்?

"கமிட்டிக்குச் சொல்லலை, சரி. எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டாள் மதிவதனி.

பாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மரகதம்தான் பதில் சொன்னாள், கல்யாணம் முடியட்டும் என்று இருந்தோம் என்று.

"அப்பாவுக்குக் கண்ணு தெரியலைன்னா கதிரு ஊட்டுல என்னம்மா சொல்லப் போறாங்க? கட்டிக்கப் போறது என்னைய."

மரகதம் முகத்தைப் புடவையால் துடைத்துக்கொண்டாள்.

"என்ற அப்பனுக்கும் இப்படித்தான் கண்ணு" என்றார் பாஸ்டர். "பொழுது சாஞ்சா காட்டுல இருந்து யாராச்சும் கையப் புடிச்சுத்தான் கூட்டியாரோணும். வயசானா அப்படித்தான்னு இருந்துபோட்டோம். அவருகிட்ட இருந்துதான் எனக்கு வந்ததுன்னு டாக்டர் சொல்லித்தான் தெரியும். என்கிட்ட இருந்து..."

அத்தோடு நிறுத்திவிட்டார். மத்தியானம் சங்கீதத்தில் பிள்ளைகள் என்ற இடத்தில் அடைத்த மாதிரியே குரல் அடைத்தது.

மதிவதனிக்கு அது இன்னும் உறைக்கவில்லை. அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கிற நேரம் தாண்டிவிட்டதே என்று தண்ணீர் எடுக்க எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தாள். கால் எதிலோ இடித்தது, என்னவோ சாய்ந்து உருண்டது.

மரகதம் திட்டவில்லை.

"எடது பக்கம் ஸ்டூல் கெடக்குது கண்ணு. மெதுவா வா" என்றாள்.

அந்தக் குரல். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆலயத்துக்குக் கிளம்பும்போது, அப்பாவுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே, பேச்சோடு பேச்சாக, படி இருக்குதுங்க, இடது பக்கம் பைப்பு இருக்குதுங்க என்று சொல்லிக்கொண்டு போவாளே, அதே குரல். தணிந்து, அவசரமில்லாமல், யாருக்கும் சந்தேகம் வராதபடி.

மதிவதனி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அம்மா. கதிரு என்னைப் பார்க்க வந்தது ஈஸ்டருக்கு அப்புறம்."

மரகதம் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

"நீங்க எனக்கு வசனம் ஏத்த ஆரம்பிச்சது அதுக்கு முந்தின கிறிஸ்துமஸ்ல. அப்போ பாஸ்டர் மாப்பிள்ளைங்கற பேச்சே இல்லை. நான் எதுக்கும்மா மனப்பாடம் பண்ணிட்டு இருக்கேன்?"

மரகதம் வாயைப் புடவையால் பொத்திக்கொண்டாள். அழுகையை அடக்க முடியாமல் உடம்பு குலுங்கியது.

"பிள்ளையையும் ஒருக்கா கூட்டிட்டு வாங்கன்னு டாக்டர் சொன்னாரு கண்ணு. நான்தான் கூட்டிட்டுப் போகலை. பார்த்துட்டா தெரிஞ்சுபோயிருமே. தெரிஞ்சா எவன் உன்னையக் கட்டுவான்? ஒண்ணும் இல்லாமக்கூட இருக்கலாம். இருந்துச்சுன்னா..." மூச்சு வாங்கினாள். "இருந்துச்சுன்னா, கண்ணு இருக்கறப்பவே கொஞ்சம் உள்ள ஏத்தி வச்சுட்டா, உங்கப்பாவாட்ட நீயும் யாரு கையையும் எதிர்பார்க்காம இருப்பேன்னுதான்..."

இவர்களைத் தவிர வேறு எந்தத் தாய் தகப்பன் இப்படி ஒரு காரியத்தைச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மகளைக் கண் டாக்டரிடம் காட்டப் பயந்து, குருடாகப் போனால் உதவுமே என்று அவளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதுவும் அவளுக்கே தெரியாமல். இதை அன்பு என்று சொல்வதா, அநியாயம் என்று சொல்வதா?

மதிவதனிக்கு அழுகை வரவில்லை. சிக்னலில் நின்று முணுமுணுத்ததெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. நோயாளிக்குச் சொல்கிறது. பயந்தவனுக்குச் சொல்கிறது. இருட்டில் நடக்கிறவனுக்குச் சொல்கிறது. ஒன்றுகூடப் பாஸ்டர் மனைவிக்கென்று பொறுக்கினது இல்லை. சாயங்காலமானால் வண்டி ஓட்டப் பயந்து பகல் ஷிப்டாக மாற்றிக் கேட்டு வாங்கினதும், எதிரே வருகிற வண்டியின் வெளிச்சம் போனால் ரோடே மறைந்துவிடுவதும், எல்லோருக்கும் அப்படித்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்ததும் சேர்ந்து வந்தன.

வாசலில் கார் வந்து நின்றது, அதன் விளக்கு வெளிச்சம் ஜன்னல் வழியாக அறைக்குள் விழுந்தது. கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

பாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மடியிலிருந்த உறையின் ஜிப்பைத் திறந்து, புத்தகத்தை விரித்து, வாசித்துக்கொண்டிருந்தவர்போல முகத்தைக் குனிந்துகொண்டார். விளக்குப் போடாத அறையில்.

அதைப் பார்த்தபோதுதான் மதிவதனிக்குத் தாங்கவில்லை. போய் அவர் கையிலிருந்த புத்தகத்தை மெதுவாக வாங்கி மூடினாள். அவர் தடுக்கவில்லை. வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, பாஸ்டர் இருக்கறாருங்களா?" என்று பொங்கியண்ணன் வாசலில் நின்று கேட்டார்.

"இருக்காருங்க அங்கிள்" என்றாள் மதிவதனி. "அவருக்குக் கண்ணு தெரியாதுங்க. உங்க ஊட்டுல நீங்க பார்த்தது நெசம்தானுங்க."

கட்டிலில் மரகதம் கர்த்தரைக் கூப்பிட்டாள். மதிவதனி நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"திங்கக்கெழம காலைல கண்ணாஸ்பத்திரிக்குப் போகோணும். உங்க வண்டி வேணுமுங்க. அப்பாவுக்கு இல்லை. எனக்கு."

பொங்கியண்ணன் உள்ளே வரவில்லை. தொண்டையைச் செருமினார்.

"அம்மணி, நான் தனியா வரலீங்க. கமிட்டிக்காரங்க எல்லாரும் வண்டியில இருக்கறாங்க."

எதற்காகக் கூட்டிவந்தார் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அப்பா நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருப்பது நாற்காலி கிறீச்சிடுவதிலிருந்து தெரிந்தது.

"வரச் சொல்லுங்க" என்றாள். "விளக்குப் போடறேன்."

சுவரை நோக்கிக் கையை நீட்டினாள். வாசல் நிலை, காலண்டர் ஆணி, அதற்கு ஒரு சாண் தள்ளி சுவிட்ச். கண் எதையும் தேடவில்லை, விரல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனது. எத்தனை வருஷமாக இப்படித் தொட்டுத் தொட்டுப் போகிறோம் என்று அவள் நினைத்துப் பார்த்தது அப்போதுதான்.